அங்காளம்மாள் தேய்த்த தரை

கும்மிடிப்பூண்டியில் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி நடந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், ஒரு பால்பேரிங் கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில் அது நடக்கத்தான் செய்தது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெண் பிள்ளைகள் வந்து, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, சிமெண்ட் தரையில் ஆடினார்கள். அந்தத் தரையைத் தேய்த்தவள் அங்காளம்மாள். அவளைப் பற்றி எந்தப் பேப்பரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதாமல் விட்டதே நல்லது என்று அவள் நாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். புருஷன் நாகமுத்து அறுபத்தாறாம் வருஷ ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகோடு கவிழ்ந்தான். மூன்றாம் நாள்தான் கரையொதுங்கினான். இனி இந்தத் தண்ணீர் முகத்தில் முழிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, எட்டு வயது மகள் தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தாள். பொட்டல் காடெல்லாம் ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்த காலம். சித்தாள் வேலைக்குப் பஞ்சமில்லை. ரயில் பாதையோரம் ஒரு குடிசையும் கிடைத்தது. மழை பெய்தால் அதற்குள்ளும் ஏரிதான்.

மேஸ்திரி மணவாளன் காவித் தரை போடுவதில் பேர் போனவர். சிமெண்டில் காவிப்பொடி கலந்து பூசிக் கரணையால் இழுத்துவிட்டு, அவர் பீடி பற்ற வைக்கப் போய்விடுவார். அதற்கப்புறம் எல்லாம் பெண்கள் பாடு. உள்ளங்கைக்குள் அடங்குகிற கூழாங்கல்லை வைத்துக்கொண்டு, குந்தியபடியே, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்க்க வேண்டும். மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே தேய்ப்பார்கள். அங்காளம்மாள் வாயைத் திறக்கமாட்டாள். புருஷனை நினைத்துத்தான் தேய்க்கிறாள் என்று அவர்கள் கேலி செய்தார்கள். இருக்கலாம். அவள் தேய்த்த இடத்தில் மட்டும் முகம் தெரிந்தது.

தேய்ப்போடு முடிவதில்லை. தரை நன்றாகக் காய்ந்த பிறகு, தேய்த்தவளே தன் கையால் தேங்காயெண்ணெயைக் கூடத்தின் நடுவில் ஊற்றி, பழந்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்து ஏற்ற வேண்டும். அதுதான் கடைசி எண்ணெய். அதற்கப்புறம்தான் தரைக்குக் களை வரும், அந்த வீட்டுக்கும் நல்லது என்பார்கள். வீட்டம்மா வெற்றிலை பாக்கோடு ஒரு சேலை கொடுப்பாள். திருவள்ளூரில் பெரிய பெரிய வீடுகளில் அங்காளம்மாள் கடைசி எண்ணெய் ஏற்றியிருக்கிறாள். அவள் உடுத்திய நல்ல சேலைகள் எல்லாமே அப்படி வந்தவை.

எழுபத்தோராம் வருஷம் பால்பேரிங் கம்பெனி மானேஜர் ராமபத்ரனுக்கு ஒரு யோசனை வந்தது. திருவள்ளூர்க்காரர், நெற்றியில் திருமண் கலையாத மனிதர், எதையும் பெரிதாகச் செய்து பார்க்கிற ஆசை உள்ளவர். பேரிங் செய்கிற நாம் ஸ்கேட்டிங் ஷூவும் செய்தால் என்ன என்று முதலாளியைப் பேசிச் சம்மதிக்க வைத்து, ஓட்டிப் பார்க்க ஒரு தளமும் போடச் சொன்னார். கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிய தளம், மேலே தகரக் கூரை. மணவாளன் பூசினார். அங்காளம்மாளும் இன்னும் ஐந்து பெண்களும் நாற்பது நாள் தேய்த்தார்கள்.

காய்ந்ததும் அவள் மேஸ்திரியிடம் எண்ணெய் கேட்டாள்.

"இதுக்கு எண்ண வேணாம், அங்காளம்மா. வாணாம்னுட்டாங்க."

"ஏன் மேஸ்திரி?"

"எனுக்கு இன்னா தெரியும்? வாணாம்னா வாணாம். போவியா."

ஏன் வேண்டாம் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்லி வேலை வாங்குகிற வழக்கம் நம் ஊரில் என்றைக்கு இருந்தது? இவ்வளவு பெரிய கம்பெனிக்கு நாலு புட்டி எண்ணெய்க்கு மனசு வரவில்லை என்றுதான் அங்காளம்மாள் எடுத்துக்கொண்டாள். அந்தத் தளத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கே கிடைத்தது. தினம் பெருக்கும்போதெல்லாம், தலைக்கு எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கூடம் அனுப்பிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது.

செய்த ஷூவை ஓட்டிப் பார்க்க ஒரு சின்னப் பாதம் தேவைப்பட்டது. ஷூக்களுக்குச் சக்கரம் பூட்டுகிற ஃபிட்டர் ஜோசப், அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தேசம்மாவைக் கூப்பிட்டு மாட்டிவிட்டார். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. முதல் நாள் நாலு தடவை விழுந்தாள். ஒரு மாதத்தில் விழுவது நின்றது. மூன்றாம் மாதம், பின்பக்கமாகவே போய்ச் சுழன்று திரும்புகிறாள் என்று ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தார்கள். பம்பாயிலிருந்து ஒரு வாத்தியாரை ராமபத்ரன் ஆறு மாதம் வரவழைத்தார். தரையில் வெள்ளைப் பெயிண்டால் வட்டங்கள் வரைந்து, எட்டு மாதிரி அமைந்த அந்தக் கோட்டைவிட்டுச் சக்கரம் இம்மியும் விலகாமல் ஒற்றைக் காலில் போகச் சொல்லிக்கொடுத்தார் அவர். அதுதான் ஃபிகர். அது ஒரு பாதி. மறுபாதி, பாட்டுக்குத் தாவிச் சுழன்று ஆடுவது. இரண்டும் தேசம்மாவுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளைப் பெற்றவளுக்கே விளங்கவில்லை.

தமிழ்நாட்டு அணியில் அவள் பெயர் வந்த அன்று ராமபத்ரன் அங்காளம்மாளை ஆபீஸுக்குள்ளேயே கூப்பிட்டுப் பேசினார்.

"உம் பொண்ணு மெடல் வாங்கினான்னா, மூணாவதா வந்தாலும் சரி, இங்கயே ஆபீஸ்ல பர்மனென்ட் வேலை. குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு. முதலாளி சொல்லிட்டார்."

"நல்லாருப்பீங்க சாமி," என்றாள் அங்காளம்மாள். மகள் தலையில் கலவைச் சட்டி ஏறாது. ஆயிசுக்கும் அவள் கேட்டது அவ்வளவுதான்.

சென்னையில் போட்டிக்கென்று பார்த்த இடம் சரிப்படவில்லை; கடைசி நேரத்தில் இங்கே வந்துவிட்டது. பந்தல் கட்டினார்கள். தளத்தின் ஒரு ஓரத்தில் செங்கல் வைத்து மேடை எழுப்பினார்கள். தேசம்மாவின் ஷூவுக்கு எட்டுச் சக்கரமும் ஜோசப்பே பூட்டினார். அங்காளம்மாள் பக்கத்தில் நின்று பார்க்க, ஒவ்வொரு நட்டையும் முடுக்கிவிட்டு, "போம்மா, இந்த நைனா பாத்துக்குறேன். சக்கரம் என் பொறுப்பு, மெடல் உன் பொறுப்பு," என்று சிரித்தார். காலையில் வட்டக் கோட்டுப் போட்டி முடிந்தபோது பன்னிரண்டு பேரில் தேசம்மா மூன்றாவதாக இருந்தாள். பிற்பகல் ஆட்டத்தில் இந்த இடத்தை விட்டுவிடாமல் இருந்தால் போதும். குலுக்கிப் போட்டதில் முதல் ஆளாக ஆட வேண்டும் என்று அவளுக்குச் சீட்டு விழுந்தது.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் பந்தலுக்குப் போய்விட்டார்கள். ராமபத்ரன் அவசரமாக வந்து தளத்தைப் பார்த்தார். காலையெல்லாம் சக்கரம் ஓடியதில் மேடைக்கு முன்னால் கறுப்புக் கீறலும் வெள்ளைக் கீறலுமாகக் கிடந்தது.

"இன்னும் அரை மணியில சீஃப் கெஸ்ட் வந்துடுவார், அங்காளம்மா. மேடைக்கு எதிர்ல பளபளன்னு இருக்கணும். உனக்குத் தெரியாததா?"

உனக்குத் தெரியாததா என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். ஈரத் துணியால் துடைத்தாள், கீறல் போகவில்லை. அவள் பையில் சீப்பும் சிவப்பு ரிப்பனும் ஒரு புட்டி தேங்காயெண்ணெயும் இருந்தன. மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட அன்று காலையில் எடுத்துவந்தவை. மூன்று வருஷமாக இந்தத் தரைக்குக் கிடைக்காத எண்ணெய். மகள் ஆடப்போகிற நாள். நல்லது நடக்க வேண்டிய நாள். மேடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, புட்டியை ஊற்றி, முந்தானையால் சுற்றிச் சுற்றித் துடைத்து ஏற்றினாள். அழுத்தித்தான் துடைத்தாள், கையில் ஒட்டாத அளவுக்கு. வீட்டுத் தரையானால் ஒரு ராத்திரி கிடந்து குடிக்கும். இதற்கு அவகாசம் இல்லை. கீறல் மறைந்து தரைக்கு முகம் வந்தது. சாமியை வேண்டிக்கொண்டு எழுந்தாள். அந்த நேரத்தில் அவளைவிடச் சந்தோஷமான பெண் அந்தத் தாலுக்காவில் இல்லை.

சீஃப் கெஸ்ட் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அதனால் ஆட்டத்துக்கு முன் எல்லோருக்கும் தரவேண்டிய ஒத்திகையை ரத்து செய்துவிட்டார்கள். மாலை போட்டார்கள். அவர் மைக்கில் நாலு வார்த்தை பேசினார். தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது, இதைப் போட்டவர்களுக்கு என் பாராட்டு என்று அவர் சொன்னபோது, தூண் மறைவில் நின்ற அங்காளம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு, "மிஸ் தேசம்மா, தமிழ்நாடு" என்று கூப்பிட்டார்கள்.

தளத்தின் அந்தக் கோடியில் ஆரம்பித்தாள். நீல ஜரிகைப் பாவாடை, சிவப்பு ரிப்பன். பாட்டோடு இரண்டு சுற்று வந்தாள். மேடைக்கு நேராக வந்து தாவினாள். தாவியது சரியாகத்தான் இருந்தது. இறங்கிய கால் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் மேடையின் செங்கல் விளிம்பில் முழங்கால் மோதியது. அந்தச் சத்தம் பாட்டையும் மீறித் தூண் வரைக்கும் கேட்டது.

அங்காளம்மாள் ஓடினாள். தேசம்மா கன்னம் தரையில் பட, குப்புறக் கிடந்தாள். அம்மாவைப் பார்த்தாள். கத்தவில்லை. பாவாடையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உடம்பை அப்படியும் இப்படியும் இழுத்துத் தரையில் தேய்த்தாள். வலியில் புரளுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெற்றவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"எப்படிம்மா விழுந்தே?" என்று நடுவர் ஒருவர் குனிந்து கேட்டார்.

"நானேதான் தடுக்கினேன் சார்," என்றாள் தேசம்மா.

அவளை ஜீப்பில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஜீப்பில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை; அடுத்த ரயிலில் வா என்றார்கள். மீதி ஆட்டத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்து, ரத்தத்தைக் கழுவச் சொன்னார்கள். யாரிடம் சொல்வார்கள்? பெருக்குகிறவளிடம்தான். மகள் ரத்தத்தின் மேல் அங்காளம்மாள் குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள். மற்ற இடத்தில் தண்ணீர் பரவியது. மேடைக்கு முன்னால் மட்டும் பரவாமல், முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

தரை தேய்க்கிறவளுக்குத் தண்ணீர் உருண்டால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்தாள். மூன்று குடம், நான்கு குடம், தண்ணீர் பரவுகிற வரைக்கும் தேய்த்தாள். பிறகு ரயிலுக்கு ஓடினாள்.

முழங்கால் சில்லு நொறுங்கியிருந்தது. டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. இனிமேலும் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் கம்பெனியில் விசாரணை முடிந்திருந்தது. விழுந்த வேகத்தில் ஷூவில் ஒரு நட்டு கழன்றிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் மானம் போய்விட்டதென்று முதலாளி குதித்தார். நட்டை முடுக்கியது ஜோசப். ஜோசப்பை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பெனிப் பெயரைக் காப்பாற்ற ஒரு நட்டு கிடைத்த நிம்மதி அவர்களுக்கு. தரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பளபளவென்று வைக்கச் சொன்ன ராமபத்ரனுக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வந்திருந்தாலும் அவர் அதை வெளியே விடவில்லை.

அங்காளம்மாள் மூன்று நாள் ராமபத்ரன் அறை வாசல் வரைக்கும் போனாள். மூன்று நாளும் திரும்பிவிட்டாள். சொன்னால் இந்த வேலை போகும், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்க்காது, போலீஸும் வரலாம். நொண்டிப் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது? இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் அவளைத் திருப்பி அனுப்பியது வேறு. உன் காலை நான்தான் உடைத்தேன் என்று மகள் காதுக்குப் போய்விடும். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

பர்மனென்ட் வேலை இல்லை. குவார்ட்டர்ஸ் இல்லை. இரக்கப்பட்டு, உட்கார்ந்தபடியே பேரிங் குண்டு பொறுக்கிப் பிரிக்கிற தினக்கூலி வேலையைத் தேசம்மாவுக்குக் கொடுத்தார்கள். நீட்டிய கால் நீட்டியபடி உட்கார்ந்து அவள் குண்டு பொறுக்கினாள். பேச்சு குறைந்தது. ஒரு விஷயம் மட்டும் அடியோடு மாறியது. தலைக்கு எண்ணெய் வைக்க விடமாட்டாள். அங்காளம்மாள் புட்டியும் கையுமாக வந்தால், "வாணாம்மா, தலவலிக்குது," என்று திரும்பிக்கொள்வாள். பிள்ளைக்கு மனசு விட்டுப்போச்சு என்று அவள் நினைத்தாள்.

ஜோசப் மாதம் தவறாமல் குடிசைக்கு வருவார். இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார். வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. கவரப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு நட்டை மூன்று தரம் முடுக்கிப் பார்க்கிறார், வேலை நகரவில்லை என்று கடைக்காரர் திட்டுவதாகத் தானே சொல்வார். ஒருநாள் தேசம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"நல்லாதாம்மா முடுக்கினேன். அப்பிடித்தான் நெனப்பு. ஆனா இப்ப சந்தேகமாக் கீது. ஒண்ண உட்டுட்டேனோ இன்னாவோ. என்ன மன்னிச்சிடும்மா."

அந்தச் சின்னக் குடிசையில் தாயும் மகளும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரில் ஒருவராவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆனால் அந்த இடத்தில் நானாக இருந்தால் திறந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஜோசப் மஞ்சள்காமாலையில் செத்துப்போனார். சேதி எட்டு நாள் கழித்துத்தான் குடிசைக்கு வந்தது. கம்பெனி டீக்கடையில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அங்காளம்மாள் வீட்டுக்கு வந்து, நீட்டிய காலோடு உட்கார்ந்திருந்த மகள் முன்னால் நின்றாள். நாலு வருஷம் நெஞ்சில் வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"தேசம்மா, ஜோசப் மேல தப்பில்ல. நட்டு இல்ல. நாந்தான். தரைக்கு எண்ண வெச்சேன். உன் தலைக்கு வெச்சிருந்த எண்ண."

தேசம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"கீழ உழுந்தப்பவே தெரியும். தரையில மூஞ்சி பட்டுச்சே. என் தல வாசன எனுக்குத் தெரியாதா? பாவாடையால எவ்ளோ முடியுமோ அவ்ளோ தொடச்சேன்."

"அப்ப ஏண்டி சொல்லல?"

"சொன்னா உன்ன இன்னா பண்ணியிருப்பாங்க? எனுக்கு இன்னா, நானே தடுக்கினேன்னு சொல்ட்டேன், முடிஞ்சிதுன்னு நெனச்சேன். அவர் தலையில போடுவாங்கன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம்தானே தெரிஞ்சிது. ஆம்பள, கை வேல தெரிஞ்சவரு, எப்பிடியாச்சும் பொழச்சிக்குவாருன்னு..." நாலு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். தாய் அவள் தலையைத் தொடப் போய், எண்ணெய் காணாமல் செம்பட்டையாகிக் கிடந்த முடியைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகாமல் அங்காளம்மாள் கவரப்பேட்டைக்கு நடந்தாள். ஜோசப்பின் மனைவி விக்டோரியா வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் கொடுத்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அங்காளம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே எண்ணெயையும் நட்டையும் மகள் பாவாடையால் துடைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

விக்டோரியா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு முடுக்கித்தான் கீறாரு," என்றாள்.

"முடுக்கினாரும்மா. எட்டையும் முடுக்கினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"நாலு வருசமா என்னத்தான் கேட்டுகினு இருந்தாரு. சோறு போடுறப்ப கேப்பாரு. தெருவுல நடக்குறப்ப நின்னு கேப்பாரு. 'நான் முடுக்கினனா இல்லியா, விக்டோரியா'ன்னு. எனுக்கு இன்னா தெரியும், நான் இன்னா சொல்லுவேன்? கடைசி ரெண்டு நாளு பேச்சே இல்ல. கை மட்டும் இப்பிடி இப்பிடித் திருகிகினே இருந்திச்சி." அவள் தன் விரல்களால் நட்டு முடுக்குவதுபோல் காட்டினாள். பிறகு அங்காளம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. "பத்து நாளு முன்னாடி வந்திருக்கக் கூடாதாக்கா?"

விக்டோரியா மறுபடியும் முறத்தை எடுத்து அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.